தோளில் நான்கு விரல்கள்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பதில் எனக்கே நம்பிக்கை குறைவு. வேம்பு இறந்தது ஐப்பசிக் கடைசியிலா, கார்த்திகை முதலிலா என்று யாராவது கேட்டால் தடுமாறுவேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்திருந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரிகளில் டெங்குக் காய்ச்சல்காரர்களுக்குக் கட்டில் போதவில்லை. இவ்வளவுதான் உறுதி. யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதில் முன்பின் இருக்கலாம். ஆனால் வேம்புவின் தோளில் இருந்த விரல்கள் நான்கு என்பதில் சந்தேகமில்லை. எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்துச் சுவரில் அந்த மழைக்காலம் முழுக்க அவள் படம் போட்ட நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

அந்த வருஷம் ஆடிக் கடைசியில் இது தொடங்கியபோது பிரகதீஸ்வரிக்கு இருபத்திரண்டு வயது. நர்ஸிங் முடித்துத் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. சட்டையில் குத்தும் பெயர்ப்பட்டையில் முழுப்பெயர் அடங்காமல் ‘பிரகதி’ என்று வெட்டியிருந்தார்கள். காலை எட்டிலிருந்து இரவு எட்டு வரை வேலை. விடுதிக்குத் திரும்பி செருப்பைக் கழற்றினால் பாதத்தில் வாரின் தடம் அப்படியே பள்ளமாக நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு கட்டில் விளிம்பில் வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். இந்த வேலை தனக்கு வருமா, வராதா? வந்தாலும் எங்கே போய் நிற்கும்? அரசாங்கத் தேர்வு எழுதிக் காத்திருப்பதா, துபாயா, ஜெர்மனியா? கூடப் படித்தவர்கள் ஆளுக்கொரு திசையைப் பிடித்துவிட்டார்கள். அவள் பாதி மனத்தோடு ஜெர்மன் மொழியைப் பிடித்திருந்தாள். விடியற்காலையில் கைபேசியில் பாடம். வலிக்கு அந்த மொழியில் ஒரே அசையில் ஒரு சொல் இருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

தேர்வு ஆவணி மாதம், சென்னையில். எழுத்து ஒரு நாள், பேச்சு ஒரு நாள், போக வர ஒரு நாள். மூன்று நாள் விடுப்பு வேண்டும். அங்கேதான் சிக்கல்.

சேர்ந்த முதல் வருஷத்தில் வாரத்துக்கு ஒரு நாளைத் தவிர வேறு விடுப்பு அந்த ஆஸ்பத்திரியில் கிடையாது. காய்ச்சல் என்றால், “இங்கேயே படு, ட்ரிப்ஸ் ஏத்திடலாம்” என்பார்கள். அக்காவுக்குக் கல்யாணம் என்றால் முகூர்த்தம் முடிந்ததும் வந்துவிடச் சொல்வார்கள். வெளிநாட்டுத் தேர்வு என்று வாயைத் திறந்தாலோ, அன்றைக்கே வேறு ஆள் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். சாவுக்கு மட்டும் மூன்று நாள். அதுவும் பெற்றவர், கூடப்பிறந்தவர், கட்டியவர் செத்தால். ஆளாளுக்கு அதையும் பொய்யாகச் சொல்லித் தீர்த்துவிட்டதால், நர்ஸிங் சூப்பரிண்டெண்ட் மங்களாம்பிகை ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார். விடுப்பு விண்ணப்பத்தோடு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒன்றை இணைக்க வேண்டும். நம் பக்கத்தில் நோட்டீஸ் அடிக்காத சாவு ஏது?

“ஏற்கெனவே செத்தவங்களைச் சொல்லிடு பிரகதி,” என்றாள் ஆஷ்லின். வார்டின் பொறுப்பு நர்ஸ் அவள்தான். தரங்கம்பாடிக்காரி, அந்த ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம். “பாவமும் இல்ல, பயமும் இல்ல. எங்க அப்பாவை நான் ரெண்டு சூப்பரிண்டெண்ட் காலத்துல ரெண்டு தடவை அடக்கம் பண்ணியிருக்கேன். மனுஷன் கல்லறைக்குள்ள சிரிச்சிருப்பார்.”

“எங்க அம்மா செத்துட்டாங்கன்னு சேரும்போதே ஃபாரத்துல எழுதிட்டேனே சிஸ்டர்.”

“அப்ப அப்பா?”

பிரகதி தலையை ஆட்டி மறுத்தாள்.

“சரி சரி, விடு. வேற யாரையாவது பாரு. நான் ரெக்கமண்ட் பண்ணிக் கையெழுத்துப் போடறேன்.”

அந்த வார விடுப்பில் ஊருக்கு வந்தாள். திருப்பனந்தாளுக்குக் கிழக்கே மண்ணியாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். அவள் அப்பா துரைராசு மூன்று மா சொந்த நிலமும் கொஞ்சம் குத்தகையுமாக விவசாயம். அவர் அக்காதான் வேம்பு. கட்டிக்கொடுத்த இரண்டாம் வருஷமே தாலியை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்தவள். தம்பி பெண்டாட்டி போனபோது பிரகதிக்கு நாலு வயது. அன்றைக்கு இடுப்பில் தூக்கிய பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும்போதுதான் இறக்கிவிட்டாள். நடவு ஆள் பன்னிரண்டு பேருக்கு வேம்புதான் தலைமை. அவள் வாய்க்குப் பயந்து நாற்று கூட வரிசையில் நிற்கும் என்று வயலில் சொல்வார்கள்.

சமாச்சாரத்தைக் கேட்டுவிட்டு அவள் கருவாட்டைத் திருப்பிப் போட்டாள்.

“இதுக்கு எதுக்குடி முகத்தைத் தொங்கப் போட்டிருக்க? என்னை எழுதிடு.”

“விளையாடாத அத்தை.”

“நான் எங்க விளையாடறேன்? பொய்ச்சாவு சொன்னா ஆயுசு கெட்டி. கீழத்தெரு சிங்காரவேலு செத்துட்டான்னு மாலையும் கையுமா போனாங்க. அவன் உக்காந்து பழைய சோறு தின்னுக்கிட்டிருந்தான். இருவது வருசம் ஆவுது, இன்னும் தின்னுக்கிட்டுத்தான் இருக்கான்.”

“அத்தைக்கெல்லாம் லீவு தர மாட்டாங்க.”

“வளத்த ஆத்தான்னு எழுது. பொய்யா அது?”

அடுப்பில் விறகு வெடித்தது. வேம்பு அவளைப் பார்க்காமலே பேசினாள்.

“ஆனா ஒண்ணு. நெசமா போறப்ப வந்துடணும். எனக்கு வாய்க்கரிசி போட பெத்த புள்ளையா இருக்கு? ஊரே போடட்டும், கடைசிப் பிடி ஒன் கையால போடணும். நீ வராம நான் வாயைத் தொறக்க மாட்டேன்.”

“நான் ஜெர்மனியில இருந்தா?”

“ஏரோப்ளேன் எதுக்கு விடறான்?”

அன்று மாலையே இருவரும் திருப்பனந்தாள் கடைத்தெருவில் யூனுஸின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார்கள். யூனுஸ் கணினி முன்னால் உட்கார்ந்து இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தான்.

“அக்கா, ஒங்க பேரை இதுல அடிக்க எனக்குக் கை வரல.”

“வரும், வரும். எழுத்துப் பிழை இல்லாம போடு. போன மாசம் மேலத்தெருக்காரருக்கு ‘மறைவு’ன்னு போட வேண்டிய எடத்துல ‘மறவு’ன்னு போட்டியே, அந்த மாதிரி பண்ணிடாத.”

படம் பார்த்தார்கள். வேம்பு தனியாக எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட இல்லை. கல்லூரியில் விளக்கேற்றும் விழாவன்று எடுத்தது ஒன்று பிரகதியின் கைபேசியில் இருந்தது. வெள்ளைச் சீருடையில் பிரகதி. பக்கத்தில் கத்தரிப்பூ நிறப் புடவையில் அத்தை, வாய் கொள்ளாத சிரிப்பு. பிரகதியின் கை அத்தையைச் சுற்றித் தோளைப் பிடித்திருந்தது.

“சிரிச்சாப்புல இருக்கேக்கா. இதுக்கு ஆவாதே.”

“செத்தவ எதுக்குடா அழணும்? அது ஒங்க வேலை.”

யூனுஸ் பிரகதியைப் படத்திலிருந்து வெட்டி எடுத்தான். பின்னால் நீல வானம் வைத்தான், கீழே ஒரு குத்துவிளக்கு வைத்தான். எவ்வளவு வெட்டியும் அத்தையின் தோளில் நான்கு விரல்கள் மட்டும் நின்றன.

“அழிச்சிடவா?”

வேம்பு திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள். “இருக்கட்டும். தோள்ல ஒரு கை இருந்தா நல்லாத்தான் இருக்கு.”

கீழே வருந்துவோர் பெயர் வரிசை. ‘மகள்: பிரகதீஸ்வரி, பி.எஸ்சி. நர்ஸிங்’ என்று முதலில் அதைப் போடச் சொன்னாள். அச்சாகி வந்த தாளைக் கை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினாள். “பின்னாடி நெசமா வேணும்னா தேதிய மட்டும் மாத்திக்க. ஒனக்கு ரெண்டாவது தடவை வேலையே இருக்காது பாரு.”

யூனுஸ் சிரித்தான். பிரகதியும் சிரித்தாள் என்றுதான் அவன் சொல்கிறான். அவளுக்கு அது நினைவில்லை.

மங்களாம்பிகை அந்த நோட்டீஸை உடனே கோப்பில் வைத்துவிடவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெருக்கமாகப் பார்த்தார்.

“நல்லா சிரிச்ச முகம். வளர்த்தவங்களா?”

“ஆமா மேடம்.”

“பெத்தவங்களுக்குத்தான் ரூல். பரவாயில்ல, போயிட்டு வா. சாப்பிட்டியா?”

அந்தக் கடைசிக் கேள்வி பிரகதியைச் சென்னை வரைக்கும் தொடர்ந்து வந்தது. தேர்வு அறையில் வயதானவர் ஒருவருக்கு எப்படி ஆறுதல் சொல்வாய் என்று கேட்டார்கள். கற்ற சொற்களை வைத்துக்கொண்டு ஆறுதல் சொன்னாள்.

புரட்டாசிக் கடைசியில் முடிவு வந்தது. தேறிவிட்டாள். வேம்பு தொலைபேசியில், “அந்த ஊரு பாசையில எதாச்சும் சொல்லு,” என்றாள். பிரகதி வலிக்கான சொல்லைச் சொன்னாள். “தும்மறாப்புல இருக்கு,” என்றாள் அத்தை. அனுப்பி வைக்கும் நிறுவனம் ஒரு வருஷம் வேலை பார்த்ததற்கு ஆஸ்பத்திரியின் அனுபவச் சான்றிதழ் கேட்டது. இன்னும் ஐந்து மாதம். அதுவரை ஒரு கெட்ட பெயரும் வாங்கிவிடக் கூடாது. ஜன்னல் பக்கம் போகும்போதெல்லாம் அவள் மாதங்களை எண்ணினாள்.

அப்புறம்தான் நான் சொன்ன அந்த மழை.

காலை ஒன்பதரைக்கு ஆஷ்லினின் கைபேசி அடித்தது. வேலை நேரத்தில் மற்றவர்கள் கைபேசியை அலமாரியில் பூட்டிவிட வேண்டும் என்பதால் பிரகதி வீட்டுக்கு அந்த எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். பேசியது துரைராசு.

“பாப்பா, அக்கா போயிட்டா.”

“எங்க?” என்று கேட்டாள் பிரகதி.

மறுமுனையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் சொன்னார். விடிகாலையில் வயலில் தேங்கிய தண்ணீரை வடிய வைக்க வரப்பை வெட்டிவிடப் போனாள். திரும்பி வந்து நெஞ்சு கரிக்கிறது என்றாள். வாயுவாக இருக்கும் என்று சோடா வாங்கிவந்து கொடுத்தார். இரண்டு மடக்கு குடித்துவிட்டுப் படுத்தாள். அவ்வளவுதான்.

“மூணு மணிக்கு எடுக்கணும்ங்கறாங்க. வாய்க்கால்ல தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. மதகு முழுவிட்டா சுடுகாட்டுக்குப் போவ முடியாது. நீ இப்பவே கிளம்பிடு.”

பத்தரைக்குப் பேருந்து ஏறினால் கும்பகோணம் போய், மாறி, ஒன்றரைக்குள் வந்துவிடலாம். பிரகதி கணக்குப் போட்டுவிட்டாள். ஆஷ்லின் அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

“யாரு, அத்தையா?”

தலையசைத்தாள்.

“போ, போய்க் கேளு.”

“என்னன்னு கேக்கறது சிஸ்டர்?”

இருபத்தெட்டுக் கட்டிலுக்கு அன்று மூன்று பேர். நாலாவது நர்ஸ் அதே வார்டில் பன்னிரண்டாம் கட்டிலில் டெங்குவோடு படுத்திருந்தாள். சொல்லாமல் அனுப்பினால் ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். முதல் விண்ணப்பத்தில் பரிந்துரைக் கையெழுத்து ஆஷ்லினுடையது.

“உண்மையச் சொல்லிடு,” என்றாள் ஆஷ்லின் கடைசியாக. “என்னைப் பத்தி யோசிக்காத.” ஆனால் இதைச் சொல்லும்போது அவள் மருந்துத் தள்ளுவண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அலமாரியைத் திறந்து கைபேசியை எடுத்தபோது யூனுஸிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. நீல வானம், குத்துவிளக்கு, சிரிப்பு, தோளில் நான்கு விரல்கள். தேதி மட்டும் வேறு. இதே தாள், பழைய தேதியோடு, மங்களாம்பிகையின் மேசைக்குப் பின்னால் இருக்கும் கோப்பில் இருந்தது.

சூப்பரிண்டெண்ட் அறைக்குப் போகும் வழி நீளமானது அல்ல. ஆனால் அவள் நடுவில் இரண்டு தடவை நின்றாள். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் சான்றிதழ் போகும், ஆஷ்லினும் மாட்டிக்கொள்வாள். இன்னொரு வழியும் இருந்தது. அப்பா இறந்துவிட்டார் என்று சொல்லலாம். கேள்வியே இல்லாமல் அனுப்பிவிடுவார்கள், நோட்டீஸை வந்து கொடுத்தால் போதும். நர்ஸுகளில் வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவளும் அதைச் சொல்லத்தான் கதவைத் தள்ளினாள்.

மங்களாம்பிகை தொலைபேசியில் ரத்த வங்கியோடு பேசிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“சொல்லும்மா.”

“அப்பா...” என்றாள் பிரகதி. அதற்கு மேல் வரவில்லை. ஒருத்தியை எழுதினோம், போய்விட்டாள். இன்னொரு ஆளைச் சொல்ல நாக்கு எழவில்லை. படித்தவளுக்கு இது மூடநம்பிக்கை என்று தெரியும். தெரிந்தும் எழவில்லை.

“அப்பாவுக்கு என்ன? அந்த அம்மா போனப்புறம் தனியாத்தானே இருக்காரு. பொங்கித் திங்கறாரா?”

சுவர்க்கடிகாரத்தில் பத்து மணி. வெளியே மழை. உண்மையைச் சொல்வதற்கு இடம் இருந்தது. ஒன்றல்ல, பத்துத் தடவை சொல்லலாம். அவள் மேசை மேலிருந்த கண்ணாடிக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கடியில் காகிதங்கள். அனுபவச் சான்றிதழ் அடிப்பது அதே மாதிரிக் காகிதத்தில்தான்.

“நல்லா இருக்காரு மேடம்.”

“அப்ப என்ன?”

“பதினாறாம் பெட்டுக்கு ப்ளேட்லெட் வந்துடுச்சான்னு கேக்க வந்தேன்.”

“வந்துக்கிட்டிருக்கு. போ, வார்டைப் பாரு.”

அவள் வார்டைப் பார்த்தாள். மூன்று மணிக்குப் பதினாறாம் கட்டில் பாட்டியம்மாவுக்குக் கஞ்சி கொடுக்க வேண்டியிருந்தது. கரண்டியை உதட்டருகே கொண்டுபோனாள். “வாயைத் தொறங்க” என்று சொல்ல வேண்டும், தினமும் சொல்கிற சொல்தான். கரண்டி அந்தரத்தில் நின்றது. ஆஷ்லின் வந்து அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் தன்னுடைய வார விடுப்பை ஆஷ்லின் அவளுக்குக் கொடுத்தாள். ஊரில் வந்து இறங்கியதும் நிறுத்தத்துச் சுவரில் அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள். பிரகதி அதன் முன்னால் நின்றாள். தன் வலது கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள். பிறகு ஈரத் துப்பட்டாவுக்குள் அதை மறைத்துக்கொண்டு நடந்தாள்.

சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டுத் துரைராசு வரப்போடு வந்துகொண்டிருந்தார். மகளைப் பார்த்து நின்றார். ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“லீவு தரலியா?” என்று மட்டும் கேட்டார்.

“நான் கேக்கலப்பா.”

அவர் கையிலிருந்த காலிச் செம்பைப் பார்த்தார்.

“ரெண்டே கால் வரைக்கும் வச்சிருந்தோம். அப்புறம் மதகு மேல தண்ணி ஏறப் பாத்துச்சு, தூக்கிட்டோம். நான்தான் கடைசிப் பிடி போட்டேன்.” செம்பைக் கை மாற்றிக்கொண்டார். “வாய் தொறக்கல பாப்பா. எல்லாரும் போட்டதும் ஒதட்டு மேலயே நின்னுச்சு. சிங்காரவேலு மாமா வெரலை வச்சுத் தொறக்கப் பாத்தாரு. வேணாம்னுட்டேன்.”

இறந்து மூன்று நான்கு மணி நேரத்தில் தாடைதான் முதலில் இறுகும். முதல் வருஷப் பாடம். அப்பாவுக்கு அதை விளக்கிச் சொல்லலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அவளுக்கே அது நம்பும்படியாக இல்லை.

ஐந்து மாதம் கழித்துச் சான்றிதழ் வாங்கப் போன நாளில், காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு, மங்களாம்பிகையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஆஷ்லின் பெயரை மட்டும் விட்டுவிட்டாள். அவர் குறுக்கே பேசவில்லை. எழுந்து கோப்பைத் தேடி எடுத்து, நோட்டீஸை ஊசியிலிருந்து கழற்றி அவளிடம் நீட்டினார்.

“அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே,” என்றார்.

சொல்லியிருந்தால் அவர் அனுப்பியிருப்பாரா, மாட்டாரா என்பது பிரகதிக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. மங்களாம்பிகைக்கே தெரியுமோ என்னவோ.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. பிரகதீஸ்வரி ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். வருஷத்துக்கு முப்பது நாள் விடுப்பு தருகிறார்கள், காரணம் கேட்பதில்லை. இன்னும் ஒரு தடவையும் ஊருக்கு வரவில்லை. மங்களாம்பிகை ஓய்வு பெற்று மகனோடு சிதம்பரத்தில் இருக்கிறார். ஆஷ்லின் அதே வார்டில், அதே பொறுப்பில் இருக்கிறாள். துரைராசு குத்தகையை விட்டுவிட்டார், மூன்று மாவை மட்டும் பார்த்துக்கொள்கிறார். நடவுக்கு இப்போது இயந்திரம் வந்துவிட்டது, அந்தப் பன்னிரண்டு பேரும் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள். யூனுஸ் கடையைப் பெரிதாக்கிவிட்டான். பொய்ச்சாவுக்கு நோட்டீஸ் அடிப்பதில்லை. கீழத்தெரு சிங்காரவேலு இன்னும் இருக்கிறார்.